ஓட்டுநரிடம் பேசக் கூடாது

ஓட்டுநர் பீடியை எடுத்து உதட்டில் வைத்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

“பத்த வைக்காதீங்கண்ணா.”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. தேயிலை எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில், நாலு பேர் நடுவே அவள் வாய் திறந்ததே இல்லை.

பின் இருக்கையிலிருந்து புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “உக்காருடி. மானத்த வாங்காத.”

எப்படி உட்காருவாள்? தோளில் பிள்ளை. விடிந்ததிலிருந்து இளைப்பு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கீழே டவுனுக்குக் கொண்டு போ என்றார்கள். டவுனுக்குப் போக மலை முழுக்க இறங்க வேண்டும். மழைச்சாரலுக்குப் பயந்து எல்லா ஷட்டரையும் இழுத்து மூடியிருந்தார்கள்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு பீடி போதும்.

ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

“நேத்துக் காலைல ஏறுன வண்டி அம்மிணி. மாத்தி விட ஆள் வரல. வாயில இது புகைஞ்சுட்டே இருந்தாத்தான் கண்ணு சொருகாது. இல்லாட்டி இங்கயே படுத்துக் கொஞ்சம் தூங்கீட்டு எடுக்கறேன். நீயே சொல்லு.”

தூங்கட்டும் என்று எப்படிச் சொல்வாள்? பிள்ளை தாங்குமா?

“ஒத்த பீடிக்கு இத்தன ரகளையா?” என்றது ஒரு குரல்.

“நம்ம உசிரும் உசிருதான, தாயி” என்றது இன்னொன்று.

அதுவும் நியாயம்தான். அதுதான் கொடுமை.

ஓட்டுநர் தலைக்கு மேலே இரண்டு பலகைகள். புகைபிடிக்கக் கூடாது. ஓட்டுநரிடம் பேசக் கூடாது.

ஏதாவது ஒன்றை மீறினால்தான் வண்டி மலையிறங்கும் போலிருந்தது.

“நான் பேசிட்டே வர்றேண்ணா. நீங்க ம் கொட்டிட்டு வாங்க.”

சொல்லிவிட்டு, யார் அனுமதிக்கும் காத்திராமல், ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் அவளையும் பிள்ளையையும் பார்த்தார். பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது.

ரேஷன் கடைக் கதவை உடைத்து யானை அரிசி தின்ற கதையைச் சொன்னாள்.

“ம்.”

கால் விரலிடுக்கில் அட்டை ஏறியதைச் சொன்னாள். நாத்தனார் கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போனதைச் சொன்னாள்.

“ம்... ம்.”

ஒரு கொண்டை ஊசி வளைவு. இன்னொன்று. பிள்ளை மடியில் சீழ்க்கை அடிப்பதுபோல் மூச்சு விட்டது. ஒரு காது அதிலும் ஒரு காது அவர் வாயிலுமாக அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாவி, பேச்சுச் சரக்கு இவ்வளவு சீக்கிரமா தீர வேண்டும்! காலையில் வாங்காமல் விட்ட பாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ம் வரவில்லை.

வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது.

“அண்ணா!”

ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். பேருந்தே கூச்சல் போட்டது. “முருகா” என்றார் ஒருவர். ஓட்டுநரின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

“வேண்டாண்ணா. சொல்றேன், சொல்றேன்.”

எதைச் சொல்ல? தூக்கம் கலையும்படி அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

“எங்களுக்கு ஒத்த ரூம்பு லைன் வீடுண்ணா. குளிருக்கு ஜன்னலத் தொறக்க மாட்டோம்.”

“ம்.”

“சாப்பிட்டு முடிச்சதும் எங்க வீட்டுக்காரரு பத்த வப்பாரு. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. புள்ள இருமும். நான் தூக்கிட்டு வெளிய போயி பனியில நிப்பேன்.”

“ம்.”

“எதுக்குடி வெளிய போறன்னு கேப்பாரு. யானை வந்திருக்கான்னு பாக்கறேன்னு சொல்லுவேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். இதைப் பெற்ற தாயிடம்கூட அவள் சொன்னதில்லை. அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

“நேத்து ராத்திரி பேய் மழைண்ணா. வெளிய போக முடியல. வேண்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. புள்ளையத் தலையோட போத்திட்டு உள்ளயே இருந்துட்டேன்.”

ம் வரவில்லை.

பதறிப்போய் ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் தூங்கவில்லை. நன்றாக விழித்திருந்தார். அடுத்த வளைவுக்குத் தோதாக இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவருக்குத்தான் வாய் எழவில்லை.

பின்னாலிருந்து வந்தது.

“ம்.”

யார் குரல் என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் மார்பில் கையை வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, மீதியையும் சொல்ல ஆரம்பித்தாள்.