மாப்பிள்ளையின் கடைசி ரைடு

மாமல்லபுரம் தாண்டியும் நண்பர்கள் வண்டியைத் திருப்பவில்லை.

"டேய், பத்து மணிக்குப் பெருங்களத்தூர் சர்ச்சுல எனக்குக் கல்யாணம்டா!" என்று ஜோஷ்வா கத்தினான்.

முன்னால் இரண்டு புல்லட், பின்னால் இரண்டு புல்லட். நடுவில் மாப்பிள்ளை. அவன் வண்டியைத் திருப்பப் பார்த்தபோதெல்லாம் பென்னி அன்போடு குறுக்கே வந்து மறித்தான்.

"பேச்சிலரா கடைசி ரைடு மச்சான். கடலைப் பாரு."

டீக்கடையில் நிறுத்தியதும் பென்னி அவன் சாவியை உருவிக்கொண்டான். மணி எட்டரை.

"சாவியைக் குடுடா. ஜான்சி சர்ச்சுக்கு வந்து காத்துகினு இருப்பா. நான் வரலைன்னா அவ கதி இன்னாடா?"

பென்னி முதன்முறையாகத் தலைகுனிந்தான்.

"அவதான்டா இந்த ரைடே ஏற்பாடு பண்ணா. 'இந்தக் கல்யாணம் வேணாம்னு நான் சொல்லியும் வூட்ல கேக்கல. மாப்பிள்ளை ஓடிட்டார்னா விட்டுடுவாங்கண்ணா'ன்னு அழுதா."