முதலில் ஊதுகிறவர்

குடி மறுவாழ்வு மையத்தில் தினமும் காலையில் எல்லோரும், குடித்திருந்தால் கத்துகிற மெஷினில் ஊதிக் காட்டவேண்டும். முதலில் ஊதுகிறவர் வார்டன். மெஷின் பொய் சொல்கிறது என்று எவனும் வாய் திறக்கக்கூடாது என்று அவரே வைத்த வழக்கம் அது. அவர் ஆளையும் நம்பமாட்டார், மெஷினையும் நம்பமாட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

அன்று அவர் ஊதியதும் மெஷின் கத்தியது. குழாயை மாற்றி ஊதினார். மறுபடியும் கத்தியது.

"சனியன், கெட்டுத் தொலைஞ்சுது" என்று மேசையில் தட்டினார்.

அடுத்து, மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்த டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது, நாக்கு குழறியது. ஊதித் தேறினால்தான் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மகளை அவன் பார்க்கலாம்.

"ராத்திரி சுவரேறிக் குதிச்சிட்டேன் ஐயா. புள்ளையத் திருப்பி அனுப்பிடுங்க" என்று அழுதான்.

"அழுது நடிக்காத. ஊது."

பூஜ்யம் காட்டியது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் பூஜ்யம். டிரைவரின் கண்ணில் இப்போது சிவப்பு இல்லை. சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். மெஷினைப் பிடுங்க எழுந்த வார்டனுக்குக் கால் நிற்கவில்லை. நாற்காலி சாய்ந்தது. டிரைவர்தான் தாங்கிப் பிடித்தான்.

சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தாள்.

"அப்பா, இந்தத் தாத்தா குடிச்சிருக்காரா?"

இல்லை என்று சொல்லத்தான் வார்டன் வாயெடுத்தார். நாக்கு புரளவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

டிரைவர் அவரை உட்காரவைத்து, புதுக் குழாய் மாட்டி, மெஷினை அவர் வாயருகே நீட்டினான்.

"அழாதீங்க ஐயா. ஊதுங்க."