அவகாசம்

காமாக்ஷி மேடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதுதான் எல்லாருக்கும் ஆத்திரம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இடம் போதாமல், வைட்டிலா பக்கத்தில் இரண்டாவது காம்பஸ் எழும்பியிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் அங்கே. பழைய காம்பஸில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. புதியதில் அந்தச் சலுகை இல்லை என்று மேனேஜர் ஷங்கர் முடிவு செய்துவிட்டார். கட்ட முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம்.

எல்.கே.ஜி. ஆயா சந்தனமாரிக்குக் கட்ட வழியில்லை. அவள் மகள் பொன்மணி அப்போதுதான் நாலாம் வகுப்பை முடித்திருந்தாள். புருஷன் பாண்டித்துரை அந்தப் புதுக் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவன். “எங்கப்பா கட்டுன ஸ்கூல்ல நான் படிக்கப் போறேன்” என்று அந்தப் பெண் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது.

வேறு பள்ளிக்கூடம் பார்க்க நாலு நாள் வேண்டும். அதைக் கேட்கத்தான் சந்தனமாரி மேனேஜர் அறைக்குப் போனாள். ‘டைம்’ என்று கேட்டிருந்தால் வம்பே இல்லை. பெரிய இடத்தில் பேசுகிறோமே என்று, சங்கரன்கோவிலில் படித்த தமிழிலிருந்து மரியாதையாக ஒரு சொல்லைத் தேடி எடுத்தாள்.

“சார், எனக்கு அவகாசம் வேணும்.”

ஷங்கர், தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ் என்று பேர். படித்ததும் எழுதுவதும் மலையாளம். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை.

அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் ஃபைலோடு நின்ற ஆபீஸ் சூப்பரிண்டெண்டென்ட் காமாக்ஷியைத் திரும்பிப் பார்த்தார்.

“மாமி, இவ எந்தா பறையறா?”

காமாக்ஷியும் அதே மாதிரிக் குடும்பம்தான். ஆனால் கல்யாணமாகிப் பல வருஷம் மதுரையில் இருந்துவிட்டு வந்தவள். இரண்டு அர்த்தமும் அவளுக்குத் தெரியும்.

“அவகாசம் வேணும்ங்கறா” என்றாள், ஓரெழுத்து பிசகாமல்.

ஷங்கர் வாசலைக் காட்டினார். என்ன தப்பாகச் சொன்னோம் என்றே விளங்காமல் சந்தனமாரி வெளியே வந்தாள். சாயங்காலம் ஸ்கூல் பஸ் டிரைவர் இசக்கிதுரைதான் விளக்கினான். அவன் மகனும் புது காம்பஸுக்குப் போக வேண்டியவன்; டி.சி.க்குக் காத்திருக்கிறவன்.

“எக்கா, நீ உரிமை கேட்டதா ஆகிப்போச்சு. அந்தம்மாவுக்கு நம்ம தமிழ் தெரியும்லா? ‘நாள் கேக்கா சார்’னு ஒரு வாய் சொன்னா கொறஞ்சா போயிரும்? தமிழ்நாட்டுலேர்ந்து வந்த பாண்டிக்காரங்கன்னா அவங்களுக்கு ஒரு எளக்காரம்.”

சந்தனமாரி பயந்துபோனாள். மகள் படிப்போடு தன் வேலையும் போய்விடும் போலிருந்தது. மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மேனேஜர் அறைக்கு ஓடினாள். காமாக்ஷி வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள போகப்படாது.”

“ஒரே வார்த்தை மேடம். நான் கேட்டது வந்து...”

“வாயைத் தொறக்காதே. போய்க் குழந்தைகளைப் பாரு.”

சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதைப் பார்த்த டீச்சர்கள் எல்லாம் காமாக்ஷியைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் காதில் விழாத தூரத்தில்தான்.

உள்ளே ஷங்கருக்கு வேறு கவலை. ஓர் ஆயா தானாக வந்து உரிமை பேசுவாளா? பின்னால் யூனியன் இருக்குமோ? புது காம்பஸைத் திறந்துவைக்க மந்திரி வரும் நாளில் கேட்டுக்கு முன்னால் கொடியை நட்டுவிட்டு உட்கார்ந்தால்? கேரளத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பயம் கூடவே பிறந்தது.

“மாமி, இவ பின்னாடி ஆராக்கும்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? அவ சொன்னதைச் சொன்னேன்” என்றாள் காமாக்ஷி.

ஷங்கர் யார் யாருக்கோ போன் செய்தார். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் புது காம்பஸிலும் ஃபீஸ் கிடையாது, பஸ்ஸுக்கும் காசு இல்லை. பொன்மணிக்கு மட்டுமல்ல, இசக்கிதுரை மகனுக்கும், மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். வேலை பறிபோகும் என்ற பேச்சே எழவில்லை.

எல்லாரும் போன பிறகு சந்தனமாரி ஆபீஸுக்கு வந்தாள். சந்தோஷம் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

“நல்லபடியா முடிஞ்சிட்டு மேடம். இருந்தாலும் கேக்கேன். நான் நாலு நாள்தான கேட்டேன்? ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் சொல்லல? சொல்ல வந்தவளையும் தடுத்தீங்க. எம் பொழப்பே போயிருக்கும்லா?”

காமாக்ஷி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

“எனக்கும் ரெண்டு நாளாத் தூக்கம் இல்லே. ஆனா யோசிச்சுப் பாரு. நாலு நாள் கேட்டா நாலு நாள் கொடுத்திருப்பார். அதுக்கப்புறம் உன் பொண்ணு எங்கே போவா?”



காமாக்ஷி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீ தமிழ்ல கேட்டே. உனக்காக நான் மலையாளத்துல கேட்டேன்.”