சும்மா இருக்கும் மருமகள்

"எம்புள்ள என் ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரமா ஆஸ்பத்திரிக்கு நடையா நடக்குறான். நீ ஊட்ல சும்மா குந்திகினு கீறே!" என்று கத்தினாள் வேம்புலியம்மாள்.

"சும்மா இல்லத்தே, டைப் அடிக்கிறேன். இதுவும் வேலைதான்" என்றாள் மருமகள் அனுசுயா.

"ஆபீஸ் இல்ல, ஐடி கார்டு இல்ல. தெருவே சிரிக்குது. இன்னா வேலை, பெரிய வேலை!"

அனுசுயா ஹெட்போனை மாட்டினாள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை ரிப்போர்ட்டாக டைப் செய்வதுதான் அவள் வேலை. அடுத்த பதிவு ஓடியது.

வேம்புலியம்மாள், மேனாம்பேடு, வயது அறுபத்திரண்டு. வயிற்றில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது.

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு, ஒரு பிழையும் இல்லாமல் டைப் செய்து அனுப்பினாள்.

"அப்டி இன்னாத்தடி அடிச்சே? சொல்லு, நானும் கேக்குறேன்."

"ஒண்ணும் இல்லத்தே. சும்மாதான் குந்திகினு கீறேன்."