இரங்கல் ஒத்திகை

"கண் கலங்கணும், தம்பி. நீ என்னமோ ஆண்டறிக்கை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறே" என்றார் பெரியம்மா.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெருவுக்கே பெரியம்மாவான அவரிடம் ஒருமுறை பேசிக் காட்டாமல் எந்தத் தலைவரும் மேடையேறியதில்லை. மைக் முன்னால் உளறிக் கொட்டுவதைவிட இந்தக் கூடத்தில் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

"பேச்சு அமர்க்களமா இருக்கணும், பெரியம்மா. எதிர்கோஷ்டி ஆள் ஒருத்தர் கண்ணாடி முன்னாடி நின்னு அழுது பழகறாராம்."

"சரி, மறுபடி ஆரம்பி."

தலைவர் தொண்டையைச் செருமினார். "நம் அன்புக்குரிய டீச்சரின் மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு..."

"தண்ணித் தொட்டி உடைஞ்சப்பவும் இதைத்தானே சொன்னே? வேற சொல்லு."

"அமைதியே உருவானவர்..."

"பொய் சொல்லாதே. போட்ட சத்தத்துலதானே குப்பை வண்டி தினமும் வர ஆரம்பிச்சது?"

தலைவர் அமைதியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். "ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். ரத்ததான முகாமா, தடுப்பூசி முகாமா, முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டவர். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கற்றுக்கொடுத்தவரும் அவரே!"

"கத்துக்கொடுத்தது நிஜம். உனக்கு வந்துச்சான்னு கூட்டத்துல யாராவது கேட்டுடப் போறாங்க. அதை எடுத்துடு."

அதுவும் போயிற்று. பேச்சு இப்போது பாதிதான் இருந்தது.

"மாலை வகுப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?" என்றார் பெரியம்மா. "சங்கத்துப் பின்னறையில பிள்ளைகளுக்கு நடக்கிற வகுப்பு என்னைக்கும் நிக்காதுன்னு சொல்லு. அங்கதான் எல்லாரும் அழுவாங்க."

தலைவரின் முகம் சுருங்கியது. "அந்த அறையை ஜிம்முக்கு விடறதாப் பேசி வெச்சிருக்கேனே. மைக்ல சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது, பெரியம்மா."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன்." பெரியம்மாவின் குரல் முதல்முறையாகத் தழுதழுத்தது. "வீட்டுல உக்காந்து படிக்க இடமில்லாத பிள்ளைங்க, தம்பி. அந்தக் கதவைப் பூட்டிட்டா அதுங்க எங்க போகும்?"

தலைவர் யோசித்தார். ஜிம்காரர் கூட்டத்துக்கு வந்து அழப் போவதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அழுவார்கள். எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார். பாதியில் குரல் உடைந்தது. அவருக்கே புல்லரித்துவிட்டது.

"இப்பதான் பேச்சு. இதுல ஒரு வார்த்தை குறையக் கூடாது" என்றார் பெரியம்மா.

"குறையாது. இனி தேதிதான் பாக்கி" என்று தலையைச் சொறிந்தார் தலைவர்.

"அது நம்ம கையிலயா இருக்கு? உனக்கு முன்னாடி இருந்த மூணு தலைவருங்களும் இதே சோபாவுல உக்காந்து இதைப் பழகினவங்கதான். கடைசியில, அவங்களுக்கு இரங்கல் சொல்ல நான்தான் மேடையேற வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பின்னறைச் சாவியை எடுத்துக்கொண்டு மாலை வகுப்பு நடத்தக் கிளம்பினார், தொண்ணூற்றொரு வயது டீச்சர்.