ஊதாச் சாயம்

துணிக்கொடியைப் பார்த்ததும் பஸ் டிரைவருக்குப் பகீரென்றது. அவருடைய சிவப்பு அணிச் சட்டை ஊதாவாகித் தொங்கியது. பக்கத்திலேயே மச்சினனின் நீல அணிச் சட்டை. அதுவும் ஊதா!

"ரெண்டையும் ஒண்ணா ஊறப்போட்டுட்டேங்க, கவனிக்கல" என்று சொல்லிவிட்டு மனைவி வெளியே கிளம்பிப் போனாள்.

லாண்டரி நடத்துகிறவள் அவள். எந்தத் துணி சாயம் விடும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்கா கவனம் தப்பும்? டிரைவருக்கு மண்டை குடைந்தது.

கால்பந்து என்றால் மாமனும் மச்சினனும் எலியும் பூனையும்தான். இன்று இருவருக்கும் ஒரே கதி.

"மாமா, இன்னிக்கு ஊதா டீம் ஆடுது. தோத்தா டீமையே கலைச்சிடுவாங்களாம்."

"பாவம், கைதட்டக்கூட நாதியில்லாத டீம். சட்டைதான் இருக்கே, வா, போய்ப் பார்ப்போம்."

காலியாகக் கிடக்கும் என்று நினைத்த கேலரியில் எள் போட்டால் எள் விழாது. எங்கும் ஊதா. சிவப்பு ரசிகர்களும் நீல ரசிகர்களும் அசடு வழியத் தோளோடு தோள் நின்றார்கள்.

"உங்க சட்டையுமா?" என்றார் டிரைவர்.

"ஆமாண்ணே. நாங்களும் உங்க லாண்டரியிலதானே போட்டோம்!"

முன்வரிசையில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் சட்டை மட்டும் அசல் ஊதா, பல வருஷம் போட்டுப் போட்டு நைந்தது. அவள் திரும்பினாள். டிரைவரின் மனைவி!

மச்சினன் அவர் காதருகே குனிந்தான்.

"மாமா, அக்கா சாயம் வெளுத்துப்போச்சு."