குனியாத வாட்ச்மேன்

கார் சாவி வாட்ச்மேனின் காலடியில் விழுந்தது. வாட்ச்மேன் குனியவில்லை. சாவியைத் தவறவிட்ட முதலாளியும் குனியவில்லை.

இரண்டு பேரும் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிடங்கு வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், தோளில் இருந்ததை இறக்கி வைக்கக்கூட மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளி குனியமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விழுந்தது தங்கமே ஆனாலும் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பணம் ஏறினால் இடுப்பு வளையாது என்று மூட்டைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். ஆனால் சம்பளம் வாங்குகிற மீசைக்கார வாட்ச்மேனுக்கு என்ன கேடு வந்தது?

“என்ன மீசை, தூண் மாதிரி நிக்கிறே? ஐயா சாவி கீழே கிடக்கு, கண்ணு தெரியலையா?” என்று ஓடிவந்தார் மேனேஜர். முதலாளி இருமினால் தன் தொண்டையைத் தடவிக்கொள்கிற ரகம். அவரே விழுந்தடித்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“தெரியுது சார். இப்ப குனிய முடியாது.”

“முடியாதா, மாட்டியா?”

வாட்ச்மேன் மீசையை நீவிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும்.

உண்மை இதுதான். மழைக்காலத்தில் ஒருநாள் ஒரே ஒரு தும்மல் தும்மினார். விலா எலும்பில் விரிசல் விழுந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “வெளியிலதான்யா மீசை, உள்ளே எலும்பெல்லாம் சல்லடை” என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் உடம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்கக் கூடாது, குனியக் கூடாது, டீகூடத் தொடக் கூடாது.

மருந்துக் கடைக்காரன், “வீட்டம்மாவுக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டம்மாவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

“எங்க அக்கா முழுங்குற மாத்திரையில்ல இது? அப்ப மீசையை அவளுக்குக் குடுத்துடுங்க, அவ வச்சுக்கட்டும்” என்றாள்.

டாக்டர் பேச்சில் பாதி புளுகு என்பது அவர் கொள்கை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முதல் வாரம் மாத்திரை போட்ட கையோடு கட்டிலில் சாய்ந்தார். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. டாக்டரை அதற்கப்புறமும் நம்பவில்லை, மாத்திரையை நம்பினார். திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்ததும் வாசலில் நின்று விழுங்கிவிட்டு, கொடிக்கம்பமாக நின்றுவிடுவார்.

இதை வெளியில் சொல்ல வழியில்லை. முழங்கால் வீங்கிய பழைய வாட்ச்மேனை, “நோயாளி காவல் காக்கிறதுக்கு இது ஆஸ்பத்திரி வாசல் இல்லை” என்று மேனேஜர் துரத்தியது போன வருஷம்தான். அதிலும் இது பொம்பளை வியாதி என்று பெயர் வாங்கியது. மூட்டைக்காரர்களுக்குத் தெரிந்தால் மீசைக்குப் பூ வைத்துவிடுவார்கள்.

“திங்கக்கிழமை தவறாம இதே கூத்துதாங்கய்யா” என்று மேனேஜர் தூபம் போட்டார். “உட்காருன்னா உட்கார மாட்டான், குனின்னா குனிய மாட்டான். அத்தனையும் திமிர். இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிரலாம்.”

முதலாளி வாட்ச்மேனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். அந்தப் பக்கம் வந்த டீக்காரரின் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

“குடி.”

முதலாளி கையால் டீ. அந்தக் கையால் திட்டுக்கூட வாங்காதவர்கள் அங்கே பாதிப் பேர்.

“கொஞ்ச நேரம் போகட்டுங்கய்யா” என்றார் வாட்ச்மேன், சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“பார்த்தீங்களா? நீங்க குடுத்தும் வேண்டாங்கிறான்” என்று மேனேஜர் துள்ளினார். “ஐயா வியாழக்கிழமை மீட்டிங்ல நாற்காலியும் கிடையாது, டீயும் கிடையாதுன்னு சட்டம் போட்டீங்க. கால் கடுக்க நிக்கிறோம், ஒருத்தன் மூச்சு விட்டிருப்பானா? நின்னாத்தான் மூளை ஓடும்னு நீங்க சொன்னதுல இருந்து என் வீட்டுலயும் வியாழக்கிழமை காலையில யாரையும் உட்கார விடறதில்லை. அதுக்குப் பேரு ஒழுக்கம். இவன் நிக்கிறது திமிர்.”

“மீசையை என் ரூமுக்கு அனுப்பு” என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

“கதை முடிஞ்சுதுடா” என்று ஒரு மூட்டைக்காரர் முணுமுணுத்தார். மேனேஜர் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்து, வாட்ச்மேனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வாட்ச்மேன் நிமிர்ந்தே நின்றார். குனிந்து காலைப் பிடித்தால் வேலை தங்கும். நிமிர்ந்து நின்றால் நெஞ்சு தப்பும். இந்த வயசில் இன்னொரு வாசல் யார் தருவார்கள் என்ற நினைப்பு வந்ததும், நெஞ்சு எரிந்தால் எரியட்டும் என்று முடிவு கட்டினார்.

“ஐயா, திமிரெல்லாம் இல்லைங்க” என்று சொல்லி முதுகை மெல்ல வளைத்தார்.

“டேய், குனியாதே” என்று பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார் முதலாளி.

கதவுக்கு அடியில் மேனேஜரின் நிழல் அசைந்தது. முதலாளி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வாட்ச்மேனின் காதருகே வந்தார்.

“நீ திங்களா? நான் வியாழன்.”